சாய்ந்துகொள்ள ஒரே ஒரு தூணா?

"எங்க வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேனே!"

புடவைக்காரர் வாசலில் வந்து நின்றாலும் சரி, "பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அனுப்புறீங்களா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் சரி, நம்மில் பலருக்கு வாயில் முதலில் வருவது இந்தப் பதில்தான். இதில் தப்பு ஒன்றும் இல்லை. சேர்ந்து வாழும் வீட்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது மரியாதை. பிரியமும்கூட.

ஆனால், கேட்பதற்கு அந்த ஆள் பக்கத்தில் இல்லாத நாளில் என்ன ஆகிறது? அவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போகிறார், நோயில் படுத்துவிடுகிறார், அல்லது ஒரேயடியாகப் போய்விடுகிறார். சில பெண்கள் நாலு நாள் தடுமாறிவிட்டு எழுந்து நின்றுவிடுகிறார்கள். சிலருக்கோ உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கை யாரோ ஊதி அணைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. சாப்பாடு பிடிப்பதில்லை, தூக்கம் வருவதில்லை, பெற்ற குழந்தையின் அழுகைகூட எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கிறது.

மற்றவரையே சார்ந்திருக்கும் சுபாவத்துக்கும் மனச்சோர்வு என்கிற வியாதிக்கும் என்ன சம்பந்தம்? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்ற குடும்பத் தலைவி. எங்கள் குடும்பத்திலேயே ஒருத்திக்கு இது வந்தபோது, என்ன ஏது என்று தெரிந்துகொண்டே ஆகவேண்டிய நிலைமை வந்தது. படித்தும் கேட்டும் நான் அறிந்துகொண்டதை, என் போன்ற சகோதரிகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

சோர்வு வேறு, மனச்சோர்வு வேறு

கோபத்தில் ஒரு நாள் சாப்பிடாமல் படுப்பதும், அம்மா வீட்டிலிருந்து திரும்பிய அன்று கண் கலங்குவதும் வியாதி ஆகாது. வருத்தம் வரும், போகும். மனச்சோர்வு அப்படியல்ல. இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி மனம் பாரமாகவே இருக்கும். அல்லது முன்பு ஆசையாகச் செய்த எதிலும் ஒட்டுதல் இருக்காது. கூடவே தூக்கம் கெடும். பலருக்கு விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பசி குறையும், சிலருக்கு அதிகமாகும். காரணமில்லாத களைப்பு, எதையும் முடிவு செய்ய முடியாத தடுமாற்றம், "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம், செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு, இப்படி ஒன்றோடொன்று சேர்ந்து வரும்.

நம் பெண்களிடம் இது வேறு வேஷத்திலும் வருவதுண்டு. "மனசு சரியில்லை" என்று சொல்லமாட்டார்கள். "ஓயாம தலைவலி", "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு", "நெஞ்சு படபடங்குது" என்பார்கள். தைலத்துக்கும் கஷாயத்துக்கும் அடங்காத இந்த வலிகளுக்குப் பின்னால் மனச்சோர்வு ஒளிந்திருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்த வியாதி ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம்.

சார்ந்திருப்பது ஒரு வியாதியா?

இல்லை. முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மனநல டாக்டர்கள் வியாதிகளை வகைப்படுத்த ஒரு கையேடு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடுவது. 1980-ல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் 'சார்பு ஆளுமைக் கோளாறு' என்று ஒன்று தனியாக இடம்பெற்றது. இன்றைய பதிப்பில் அதற்கு 8 அடையாளங்கள் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டு பாஷையில் சொன்னால் இப்படி:

அன்றாட விஷயங்களைக்கூடப் பலரிடம் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. வாழ்க்கையின் பெரிய பொறுப்புகளை எல்லாம் வேறொருவர்தான் சுமக்க வேண்டும். ஆதரவு போய்விடுமோ என்று பயந்து, மனதுக்குப் பிடிக்காததற்கும் தலையாட்டுவது. சொந்தமாக ஒரு காரியத்தைத் தொடங்கத் தைரியம் இல்லாதது. அடுத்தவர் அன்புக்காகத் தனக்கு வேண்டாத வேலைகளை எல்லாம் வலிய இழுத்துப் போட்டுக்கொள்வது. தனியாக இருந்தால் தவிப்பது. நெருங்கிய ஒரு உறவு அறுந்தால், உடனே இன்னொரு பிடிப்பைத் தேடி ஓடுவது. 'என்னைத் தனியா விட்டுட்டா என்ன செய்வேன்' என்ற பயம் ஓயாமல் மனதில் ஓடுவது.

இதில் 5-ஆவது இருந்து, வயது வந்த நாள் முதலாக எல்லா விஷயத்திலும் அது தொடர்ந்து, வாழ்க்கையையே முடக்கினால்தான் கோளாறு என்பார்கள். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று குணம் லேசாக இருப்பது நம்மில் அநேகம் பேருக்கு உண்டு. அது சுபாவம். படித்தவுடன் "இது நான்தான்!" என்று யாரும் பயந்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை.

ஒன்று, ஊர் வழக்கம். பிறந்த வீட்டில் அப்பா, புகுந்த வீட்டில் கணவர், வயசான காலத்தில் பிள்ளை என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதை எல்லாம் குறை என்று சொல்லிவிட முடியாது. ஜஸ்வந்த் சிங் நேக்கி என்ற நம் நாட்டு மனநல டாக்டர் 1976-ல் இதைப் பற்றி எழுதினார். சார்ந்திருப்பதை மேல்நாட்டார் பார்க்கும் கண்ணோடு இந்தியக் குடும்பங்களைப் பார்க்கக்கூடாது என்பது அவர் கட்சி. ஜப்பானில் டகேயோ டோய் என்ற டாக்டர் 1971-லேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பிறர் அன்பில் உரிமையோடு சாய்ந்துகொள்வதற்கென்றே அவர்கள் மொழியில் 'அமாயே' என்று ஒரு சொல் உண்டாம். நம் 'செல்லம் கொஞ்சுவது' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டாவது, பயம். வாய் திறந்தால் அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண் சார்பு சுபாவக்காரி அல்ல. அவள் பயப்படுவதற்கு நிஜமான காரணம் இருக்கிறது. பழிவாங்கப்படுவோம் என்ற நியாயமான பயத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அந்தக் கையேடே சொல்கிறது. அப்படிப்பட்டவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

மனச்சோர்வு நுழையும் இரண்டு வாசல்கள்

அமெரிக்காவில் சிட்னி பிளாட் என்ற மனோதத்துவ அறிஞர் 1974-ல் ஒரு கருத்தைச் சொன்னார். மனச்சோர்வு எல்லோருக்கும் ஒரே வாசல் வழியாக வருவதில்லை என்பதே அது. சிலருக்கு உறவு வாசல்: பிரிவு, புறக்கணிப்பு, 'என்னை விட்டுட்டாங்க' என்ற ஏக்கம். சிலருக்குத் தோல்வி வாசல்: 'நான் உருப்படாதவன், என்னால சாதிக்க முடியலை' என்று தன்னைத்தானே கடிந்துகொள்வது. மனச்சோர்வுக்குப் பேச்சு முறைச் சிகிச்சையை உருவாக்கிய டாக்டர் ஆரன் பெக் 1983-ல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

ஆகவே, உறவையே உயிராக நினைப்பவர் எல்லோருக்கும் மனச்சோர்வு வந்துவிடாது. ஆனால் அந்த உறவில் விரிசல் வந்தால், அல்லது வந்துவிட்டதாக அவர் நினைத்தால், அவர் மற்றவரைவிடச் சீக்கிரம் விழுந்துவிடுகிறார். இவருக்குப் பரீட்சையில் தோற்பது பெரிதல்ல. நாலு நாள் போன் வராததுதான் பெரிது.

எங்கள் வீட்டில் நடந்தது

என் நாத்தனாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

மூன்று ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். கல்யாணம் ஆகிற வரை அவளுக்கு என் மாமியார்தான் தலை பின்னிவிடுவார்கள். வாய்த்த மாப்பிள்ளையும் தங்கமானவர். காய்கறி வாங்குவது, பாங்க், கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாம் அவர்தான். தீபாவளிப் புடவையின் கலர்கூட அவர் சொன்னால்தான் இவள் எடுப்பாள். "கொடுத்து வச்சவ!" என்று சொல்லாதவர்கள் கிடையாது.

2017-ல் அவருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. இரண்டு வருஷம். பிள்ளைகள் படிப்புக்காக இவள் இங்கேயே இருப்பது என்று முடிவாயிற்று. முதல் பத்து நாள் ஒரு நாளைக்கு இருபது தடவை போன் போடுவாள். "பால்காரருக்குப் பணம் எப்போ கொடுக்கணும்? பையனுக்கு இருமல், டாக்டர்கிட்ட போகணுமா வேண்டாமா?" என்று. அதற்கப்புறம் போனும் குறைந்தது. நான் போய்ப் பார்த்தபோது தலை வாராமல் உட்கார்ந்திருந்தாள். காஸ் தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சிலிண்டருக்குப் பதிவு செய்யவில்லை. பிள்ளைகள் பிஸ்கட்டும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார்கள்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "ஊர்ல எவ புருஷனும் வெளியூர் போகலையா? எல்லாம் செல்லம்!" என்றார் ஒருவர். அத்தை மந்திரித்த கயிறு கட்டினார்கள். அன்று சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அண்ணி, ராத்திரி படுத்தா காலையில கண்ணு முழிக்காமலே இருந்துட்டா தேவலைன்னு இருக்கு."

இந்த மாதிரி வார்த்தையைச் "சும்மா சொல்றா" என்று தள்ளக்கூடாது சகோதரிகளே. அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன். மறுநாள் அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவளை அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இதே மாதிரி களைப்பையும் சோர்வையும் கொடுக்குமாம். இவளுக்குத் தைராய்டு சரியாக இருந்தது, ரத்தசோகை இருந்தது. அதற்கும் மாத்திரை, மனச்சோர்வுக்கும் மாத்திரை.

முதல் இரண்டு வாரம் பெரிய மாற்றம் தெரியவில்லை. இந்த மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்ததால் நாங்கள் கைவிடவில்லை. நான்காவது வாரம் ஒரு காலையில், "அண்ணி, நேத்து ஆறு மணி வரைக்கும் தூங்கிட்டேன்" என்றாள். அந்தக் குரலிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

குணத்தை எடை போடும் நேரம் இதுவல்ல

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் "இவ சுபாவமே இப்படித்தான், ஒண்ணும் செய்யத் தெரியாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆனால், மனச்சோர்வில் இருக்கும்போது ஒருவரின் சுபாவத்தை அளந்தால் அந்த அளவு தப்பாகத்தான் வரும். ராபர்ட் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1983-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதைக் காட்டினார்கள். வியாதியின்போது நோயாளிகளின் சார்பு குணம் அதிகமாகத் தெரிந்தது. குணமான பிறகு அதே ஆட்களை அளந்தபோது குறைந்திருந்தது.

யோசித்துப் பாருங்கள், இது நியாயம்தானே? முடிவெடுக்க முடியாமல் போவது மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று. காய்ச்சலில் கிடப்பவளை நடக்கச் சொல்லிவிட்டு "இவளுக்கு நடக்கவே தெரியாது" என்று சொல்லலாமா? சார்பு சுபாவம் மனச்சோர்வுக்கு வழிவிடுகிறது. மனச்சோர்வு வந்ததும் சார்பை இன்னும் பெருக்குகிறது. செக்கு மாடு மாதிரி இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் வியாதிக்கு வைத்தியம். சுபாவத்தைப் பற்றிய பேச்சு பிறகு.

"என் மேல கோபமா?"

இந்தச் சுற்றில் இன்னொரு பல் சக்கரமும் உண்டு. மனம் சோர்ந்தவர், "என் மேல கோபமா? என்னைப் பிடிக்கலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். வீட்டிலிருப்பவர் முதலில் அன்பாக, "அதெல்லாம் இல்லை" என்பார். பதில் சொன்ன அரை மணி நேரம் நிம்மதி. மறுபடி சந்தேகம், மறுபடி கேள்வி. கேட்டுக் கேட்டு வீட்டிலிருப்பவருக்கு அலுப்பு வரும், குரல் மாறும். "பார்த்தீங்களா, கோபம்தான்!" என்று இவருக்கு அது உறுதியாகிவிடும். ஜேம்ஸ் காயின் என்ற மனோதத்துவ அறிஞர் 1976-ல் இந்தச் சுழலை விளக்கி எழுதினார்.

இதற்கு மருந்து, எரிந்து விழுவதும் அல்ல. நூறாவது தடவையும் பதில் சொல்வதும் அல்ல. "உன் மேல கோபம் இல்லை. இப்படி நினைக்க வைக்கிறது உன் சோர்வு. வா, ரெண்டு பேரும் மாடிக்குப் போய் வத்தல் போடலாம்" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, கைக்கு ஒரு வேலையைக் கொடுப்பது நல்லது.

பிள்ளை பெற்ற வீட்டில்

இளம் தாய்மார்களுக்கு இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த நாலைந்து நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகும். அதற்கு மேலும் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பிள்ளை பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 13 பேருக்கு, வளரும் நாடுகளில் 100-க்குச் சுமார் 20 பேருக்கு, இப்படி மனநலக் குறைவு வருகிறது என்றும், அதில் பெரும்பங்கு மனச்சோர்வு என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்குக் கொடுத்திருக்கிறது.

நம் வழக்கத்தில் அப்போது அம்மா பக்கத்தில் இருப்பார். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் அவரே. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்போதுதான் பெண் தவித்துப் போகிறாள். பாட்டிமார்களே, தாய்மார்களே! குழந்தையைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஏன் அழுகிறது என்று பார்ப்பது, இதையெல்லாம் அவள் கையிலேயே நாளுக்கு நாள் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், போதும்.

உதவிக்குப் பெரிய படிப்புகூட வேண்டியதில்லை. பாகிஸ்தானின் கிராமங்களில் பள்ளிப் படிப்பு மட்டும் முடித்த பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். உட்கார்ந்து பேசுவது, குழந்தையைக் கவனிக்கச் சின்னச் சின்ன வழி சொல்வது, வீட்டாரையும் சேர்த்துக்கொள்வது, அவ்வளவுதான். டாக்டர் அதீஃப் ரஹ்மான் குழுவினர் 2008-ல் வெளியிட்ட முடிவு இது: குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்த உதவி கிடைத்த தாய்மாரில் 100-க்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. கிடைக்காதவர்களில் 53 பேருக்கு!

மனசு விட்டுப் பேச ஒரு ஆள்

1978-ல் லண்டனிலிருந்து ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சிப் புத்தகம் வெளிவந்தது. ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் கேம்பர்வெல் என்ற பகுதியின் பெண்களை வீடு வீடாகச் சந்தித்து எழுதியது. துன்பம் வரும்போது எந்தப் பெண்கள் எளிதில் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். நாலு விஷயம் கிடைத்தது: மனசு விட்டுப் பேச நெருக்கமான ஆள் இல்லாதவர்கள், 14 வயதுக்குக் கீழே மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்கள், வெளி வேலை இல்லாதவர்கள், 11 வயதுக்கு முன் தாயை இழந்தவர்கள்.

முதலாவதைக் கவனியுங்கள். சாய்ந்துகொள்ள ஒரு தோள் இருப்பது நம்மைக் காப்பாற்றுகிறது! ஆகவே, யாரையும் சாராமல் தனி மரமாக நிற்பது நமக்கு லட்சியம் அல்ல. எல்லாப் பாரத்தையும் ஒரே தூண் மேல் ஏற்றி வைத்திருப்பதுதான் ஆபத்து. கூரைக்கு நாலு தூண் இருந்தால் ஒன்று சாய்ந்தாலும் வீடு நிற்கும். கணவர் ஒரு தூண். கூடப் பிறந்தவள், பழைய சிநேகிதி, பக்கத்து வீட்டு அக்கா, மகளிர் குழு, இவர்களும் தூண்களே. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது சேமிப்புக்காகத்தான் ஆரம்பித்தார்கள். குழுவில் சேர்ந்த பல பெண்கள் என்னிடம் சொன்னது, "பணம் கிடைச்சதைவிட, பேச நாலு பேர் கிடைச்சாங்க" என்பதே.

இன்னொரு தூணும் உண்டு. அது நம்முடைய கை.

கை கற்றுக்கொள்ளும்

அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் 1967-ல் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு ஒரே தாண்டலில் தப்பிக்க வழியிருந்தும் அப்படியே படுத்துக்கிடந்தன. "நம்மால் ஆகாது என்பதை இவை கற்றுக்கொண்டுவிட்டன" என்று அப்போது சொன்னார்கள். ஏறக்குறைய 50 வருஷம் கழித்து, 2016-ல், மூளையைப் பற்றிய புது அறிவை வைத்து அவர்களே தங்கள் கருத்தைத் திருத்தி எழுதினார்கள். தாங்க முடியாத துன்பத்தில் ஒடுங்கிக் கிடப்பது உயிர்களுக்கு இயல்பாகவே வருவது. 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்றார்கள்.

எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. பேச்சால் மட்டும் இந்தப் பாடம் வராது. செய்து பார்த்தால்தான் வரும். அன்று படுத்துக்கிடந்த நாய்களைக்கூட, கயிற்றைப் பிடித்துப் பலமுறை இழுத்துத் தாண்டவைத்த பிறகுதான் தானாகத் தாண்டப் பழகினவாம்.

என் நாத்தனாருக்கும் உடம்பு தேறிய பிறகு ஆலோசகர் ஒருவர் வாரம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். முதல் வாரம், இன்றைக்கு என்ன குழம்பு என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் வாரம், காஸுக்கு அவளே பதிவு செய்ய வேண்டும். அப்புறம் பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்ப்பது. கடைசியில் பாங்க். மாப்பிள்ளைக்கும் ஒரு பாடம்: அவள் போனில் ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்லாமல், "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்க வேண்டும். "கேட்டும் சொல்லாம இருக்கிறது பாவமா இருக்கு" என்று அவர்தான் அதிகம் கஷ்டப்பட்டார்! பாங்கில் முதல் நாள் சலானைத் தப்பாக எழுதி, வேறு வாங்கி எழுதினாளாம். வீட்டுக்கு வந்து சிரித்தாள்.

2019-ல் அவர் திரும்பி வந்தார். மூன்றே மாதத்தில் பழைய பழக்கம் தலைகாட்டியது. பாஸ் புத்தகம் அவர் அலமாரிக்குப் போய்விட்டது. அதை அவளே கவனித்து, "பாங்க் விஷயம் மட்டும் என் கையில இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். புடவைக் கலரை இன்னமும் அவரைத்தான் கேட்கிறாள். கேட்கட்டுமே! அது பிரியம்.

நாம் செய்யக்கூடியவை

1. தினமும் ஒரு சின்ன முடிவையாவது யாரையும் கேட்காமல் எடுங்கள். தப்பாகப் போனாலும் உப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே?

2. உங்கள் பெயரில் பாங்க் கணக்கு இருந்தால் மட்டும் போதாது. ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண் உங்களுக்குத் தெரிய வேண்டும். பணம் எடுக்கவும் தெரிய வேண்டும். இன்ஷூரன்ஸ், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கணவரிடம் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

3. வாரத்தில் இரண்டு முறையாவது, கணவர் அல்லாத ஒருவரிடம் மனசு விட்டுப் பேசுங்கள்.

4. பிடிக்காததைச் சின்ன விஷயத்தில் சொல்லிப் பழகுங்கள். "எனக்கு இன்னிக்கு சினிமா வேண்டாம்" என்று சொன்னால் அன்பு குறைந்துவிடாது என்பது அப்போதுதான் புரியும்.

5. மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இவை போதைப் பழக்கம் ஆகிவிடுபவை அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், படபடப்பு வரலாம், வியாதியும் திரும்பலாம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். குறைப்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. பெண் குழந்தையை இப்போதே பழக்குங்கள். நாலு வயசில் இரண்டு கவுனைக் காட்டி "எது போட்டுக்கிறே?" என்று கேளுங்கள். பத்து வயசில் கடைக்கு அனுப்பிச் சில்லறை எண்ணி வாங்கி வரச் சொல்லுங்கள். ஆண் குழந்தைக்கும் இதே பாடம்தான். சாப்பிட்ட தட்டை அம்மாதான் எடுக்கவேண்டும் என்று இருக்கிறவனும் சார்ந்திருப்பவனே!

எங்கே போவது?

"மனநல டாக்டர்கிட்ட போனா பேர் கெட்டுடும்" என்று தயங்காதீர்கள். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. இலவசம், தமிழிலேயே பேசலாம். தற்கொலை நினைப்பு வந்தவர்களுக்கென்று சென்னையில் 1986 முதல் 'சினேகா' என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது: 044-24640050. செத்துப்போகலாம் என்று யாராவது சொன்னால், "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். தனியாக விடாதீர்கள். அன்றே உதவி தேடுங்கள்.

சகோதரிகளே, யாரையும் சாராமல் வாழ்ந்தவர் உலகத்தில் யாரும் இல்லை. சாய்ந்துகொள்வதில் வெட்கமும் இல்லை. இருக்கிற தூணை யாரும் பிடுங்க வேண்டாம். அதன் பக்கத்தில் இன்னும் இரண்டை நட்டு வைப்போம். அதில் ஒன்று நம் சொந்தக் கையாக இருக்கட்டும். இன்றைக்கு ராத்திரி என்ன சமைப்பது என்று யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்யுங்கள் பார்க்கலாம்!